கையால் தள்ள வேண்டிய தேதி

பகல் பன்னிரண்டாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவள் மணிக்கட்டில் இருந்த வாட்சின் தேதிக் கட்டத்தில் முப்பது பாதி விலகியிருந்தது.

தேதி நள்ளிரவில்தான் மாற வேண்டும். வேறு யாராவது பார்த்திருந்தால் வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்றிருப்பார்கள். அவள் வாட்ச் ரிப்பேர் செய்பவள். முள்ளுக்குப் பகல் பன்னிரண்டும் ஒன்றுதான், ராத்திரி பன்னிரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். நேரம் வைக்கும்போது ஒரு சுற்று தவறினால் போதும், தேதி மத்தியானத்தில் மாறும்.

இதில் தவறுகூட இல்லை. போன வாரம் வாட்சைக் கொண்டுவந்த பெண் கேட்டுக்கொண்டதுதான்.

"நின்னு நின்னு ஓடுதுங்க. அத மட்டும் பாருங்க. தேதி மத்தியானம் மாறுற மாதிரியே விட்ருங்க."

"அது தப்பா வச்சிருக்காங்க. ஒரு நிமிஷ வேலை. சரி பண்ணியே குடுத்துடறேன்."

"தப்பு இல்லங்க. எங்க வீட்டுக்காரரு ராத்திரி காவல். நடு ராத்திரில தேதி மாறினா ஒரு டியூட்டிக்கு ரெண்டு தேதி ஆயிடுதாம். ஒரு டியூட்டி, ஒரு தேதின்னு அவரே திருப்பி வச்சுக்கிட்டாரு."

"நல்ல மூளைதான்."

"மூளைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மாசம் முப்பதோட முடிஞ்சா தேதிய கையால தள்ளி வைக்கணும்ல, அத மட்டும் செய்ய மாட்டாரு. சொன்னா, ஒரு நாள் தப்பா காட்டுனா குடியா முழுகிடும்பாரு."

"இப்ப எங்க டியூட்டி அவருக்கு?"

அந்தப் பெண் வாட்சைப் பார்த்தபடி சொன்னாள். "சாப்பிட உக்காந்தாருங்க, வாட்ச் கையிலதான் இருந்துச்சு. முப்பது நாள் மாசத்துல கடைசி நாளு. மத்தியானம். தண்ணி எடுத்துட்டு வர உள்ள போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம். கதவு உள்பக்கம் தாழ் போட்டது போட்டபடி இருக்கு. தட்டுக்குப் பக்கத்துல இது மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவள் ரசீது எழுதினாள்.

சாவி கொடுக்கத் தேவையில்லாத வாட்ச் அது. கை ஆட ஆடத் தானே ஏறிக்கொள்ளும். அந்த மாதிரி வாட்சைப் பழுது பார்த்தால் இரண்டு நாள் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். மேசைமேல் ஒழுங்காக ஓடுவது கையில் ஓடாது.

காலையில் பேக்கரி வேலை முடிந்து வந்த கணவன் கேலி செய்தான். "நான் வாங்கிக் குடுத்த வாட்ச் டிராயர்ல தூங்குது. ஊரான் வாட்ச கட்டிக்கிட்டுத் திரியுற."

"நீங்க வாங்கிக் குடுத்தது ஓடினா கட்ட மாட்டேனா?"

"டாக்டரம்மா வீட்டு பேஷண்ட்ட பாக்க மாட்டாங்க போல." மாவு படிந்த சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினான். "மூணேகாலுக்குப் பாப்பாவ நான் போய்க் கூட்டிட்டு வரவா?"

"வேணாம். நேத்து நீங்க தூங்கிட்டீங்க. அவ ஸ்கூல் கேட்ல தனியா நின்னு அழுதிருக்கா. நானே போறேன்."

"சத்தியமா இன்னைக்குத் தூங்க மாட்டேன்" என்று படுத்தவன் இரண்டாவது நிமிடம் குறட்டை விட்டான்.

இப்போதும் திரைக்குப் பின்னால் உள்ளறையில் அந்தக் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் அவள் வேலை மேசை. எதிரே வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம், தெருவில் யாரோ ஹாரனை விடாமல் அழுத்தும் சத்தம், சட்டையிலிருந்து வரும் ஈஸ்ட் வாசனையும் கருகிய சர்க்கரை வாசனையும், கண்ணாடி அலமாரியில் தொங்கும் நாற்பது ஐம்பது வாட்சுகள் ஒன்றோடொன்று சேராமல் துடிக்கும் சின்னத் துடிப்பு. எல்லாம் தினமும் உள்ளதுதான். காதில் விழுந்தும் விழாதவை.

கட்டத்தில் முப்பது முழுக்க விலகியது. முப்பத்தொன்று வந்து அமர்ந்தது.

சத்தம் நின்றது.

நின்றது ஏதோ ஒரு சத்தம் மட்டும் இல்லை. இரும்பு, ஹாரன், குறட்டை, அலமாரி, எல்லாம் ஒரே நொடியில். அவள் மணிக்கட்டில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கரண்ட் போனால் ஹாரன் ஏன் நிற்கிறது? தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தாள். எல்லா வாட்சும் பன்னிரண்டில் நின்றிருந்தன. எழுந்து அருகில் போனாள். தேதி காட்டும் வாட்சுகள் பாதிக்கு மேல். அவற்றின் சின்னக் கட்டங்களில் எண் எதுவும் இல்லை. வெள்ளை. ஒவ்வொன்றிலும் வெறும் வெள்ளை.

தேதி எப்படி மாறுகிறது என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு அவள் இப்படித்தான் சொல்வாள்: முகப்புக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது. அதில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எழுதியிருக்கும். ஒரு சின்ன நகம் நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து வளையத்தின் ஒரு பல்லைத் தள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று தெரியாது. இல்லாத நாளையும் காட்டும். நாம்தான் கையால் தள்ளிவிட வேண்டும்.

இன்று முப்பதாம் தேதி. இந்த மாதத்துக்கு முப்பத்தொன்று கிடையாது.

வெளிக் கதவைத் திறந்தாள். தெரு இருந்தது. பட்டறை திறந்திருந்தது, அறுக்கும் இயந்திரம் தரையில் கிடந்தது, ஆளில்லை. ஒரு ஸ்கூட்டர் நடுத்தெருவில் சாயாமல் நின்றிருந்தது. நல்ல வெளிச்சம். எதற்கும் நிழல் இல்லை. ஸ்கூட்டருக்கு இல்லை, கம்பத்துக்கு இல்லை, வாசற்படியில் வைத்த அவள் காலுக்கும் இல்லை. மேலே வெயில் வரும் இடம் எதுவும் இல்லாமல் வெயில் மட்டும் இருந்தது.

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அப்போது உள்ளறையில் குறட்டை மறுபடி தொடங்கியது.

உயிர் வந்தது அவளுக்கு. "ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே திரை வரை போனாள். திரையைப் பிடித்த கை அங்கேயே நின்றது. அவன் குறட்டை ஏறி இறங்கும். இது ஏறியது, நின்றது, வெகு நேரம் கழித்து இறங்கியது. ஈஸ்ட் வாசனை இல்லை. ஈரத் துணியும் பழைய பேட்டரியும் கலந்த ஒரு வாடை.

திரையை ஒரு விரல் அகலம் விலக்கினாள்.

கட்டிலில் போர்வைக்குள் ஓர் உருவம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. ஒரு கை மட்டும் பின்னால் வெளியே தொங்கியது. வெயிலில் கறுத்த கை. மணிக்கட்டைச் சுற்றி ஒரு பட்டை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது.

பேக்கரிக்காரர்கள் வாட்ச் கட்டுவதில்லை. மாவு ஒட்டும்.

சத்தமில்லாமல் திரையை விட்டாள். சத்தமில்லாமல் மேசைக்கு வந்தாள். நாற்காலியை இழுக்கப் பயந்து நின்றபடியே இருந்தாள்.

தேதியை ஒன்றுக்குத் தள்ளிவிட்டால் போதும், இந்த இல்லாத நாள் முடிந்துவிடும். அது அவள் உடம்புக்கே தெரிந்தது. ஆனால் இப்போது தள்ளக் கூடாது. தேதி மாறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் பின்பு வரை அந்த நகம் பல்லில் கொக்கியாக மாட்டியிருக்கும். அந்த நேரத்தில் கையால் தள்ளினால் பல் உடையும். பிறகு வளையம் எந்த எண்ணில் நிற்கிறதோ அதிலேயே நிற்கும். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். அந்த அவசரத்தில் உடைந்த வாட்சுகள் மாதத்துக்கு ஒன்றாவது அவள் மேசைக்கு வரும்.

முள்ளைச் சுற்றிவிட்டு நேரத்தைக் கடத்தலாம் என்றால், அதற்கு வாட்சின் பக்கவாட்டில் உள்ள குமிழை இரண்டாம் படி வரை இழுக்க வேண்டும். இந்த வாட்சில் அப்படி இழுத்தால் குமிழ் தண்டோடு கையில் வந்துவிடும். மாற்றுப் பாகம் இன்னும் வரவில்லை. முதல் படி மட்டும்தான். தேதி தள்ளும் படி.

மூன்று மணி வரை இருக்க வேண்டும். மூன்று மணிக்குத் தள்ள வேண்டும். மூன்றேகாலுக்குப் பாப்பா கேட்டில் நிற்பாள்.

ஒரு மணிக்குக் கட்டில் முனகியது.

ரப்பர் செருப்பின் சத்தம். தண்ணீர் கோரி முகம் கழுவும் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம், டார்ச்சை அழுத்தி அழுத்திப் பார்க்கும் சத்தம். வேலைக்குக் கிளம்பும் ஓர் ஆண்பிள்ளையின் சத்தங்கள். அவசரமே இல்லை. பின்கதவின் தாழ் விலகியது. செருப்பு வெளியே போனது.

ஓடினாள். கட்டில் காலி. பின்கதவை அறைந்து சாத்தி மேல் தாழ், கீழ்த் தாழ், நடுவில் கொக்கி, எல்லாம் போட்டாள். கதவில் முதுகை வைத்துச் சாய்ந்து மூச்சு விட்டாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு ஒருமுறை இழுபட்டது.

முரட்டுத்தனமாக இல்லை. உடைக்கும் எண்ணம் இல்லை. பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இழுப்பு. பிறகு சமையலறை ஜன்னல். ஓர் இழுப்பு. பக்கத்து ஜன்னல். ஓர் இழுப்பு. வெளிக் கதவு. பிறகு ஒன்றுமில்லை.

ரோந்து சுற்றுகிறார். அது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கை நனைந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மறுபடி பின்கதவு. வெளியிலிருந்து ஓர் இழுப்பு. அடுத்து ஜன்னல் என்று காத்திருந்தாள். ஜன்னல் இல்லை. சமையலறையில் மளிகை அலமாரியின் கைப்பிடி. உள்ளே. அப்புறம் உள்ளறையில் பீரோவின் கைப்பிடி.

தாழ்கள் போட்டபடியே இருந்தன. அவள் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்தது.

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மடியில் கை. கையில் வாட்ச். திரையின் அடியில் இருந்த இடைவெளியை ஒரு மஞ்சள் வட்டம் மெதுவாகக் கடந்தது. இத்தனை வெளிச்சத்திலும் டார்ச் வெளிச்சம் தனியாகத் தெரிந்தது. செருப்பு திரைக்கு அந்தப் பக்கம் நின்றது. குறட்டையில் கேட்ட அதே மூச்சு. ஏறியது. நின்றது.

பிறகு செருப்பு பின்பக்கம் நகர்ந்து போனது. அவள் எண்ணவில்லை. கும்பிடவில்லை. முள்ளை மட்டும் பார்த்தாள். இரண்டரை. இரண்டே முக்கால். ஸ்கூல் மணி அடிக்கும் நேரம் நெருங்கியிருக்கும். பாப்பா பையை மாட்டியிருப்பாள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது.

இன்னும் கொஞ்சம். நகம் பல்லை முழுக்க விட வேண்டும். இன்னும் கொஞ்சம்.

பின்கதவு இழுபட்டது.

இப்போது.

குமிழைப் பிடித்தாள். பிடிக்கவில்லை. விரல் வழுக்கியது. வியர்வை. சேலையில் துடைத்தாள். விரல் நகத்தால் நெம்ப வேண்டும். நகம் இல்லை. வாட்சுக்குள் அழுக்கு விழக் கூடாது என்று சதையோடு ஒட்ட வெட்டிய நகங்கள். மறுபடி வழுக்கியது.

மளிகை அலமாரி.

எழுந்தாள். மேசையில் இடுக்கி. இடுக்கியால் குமிழைக் கவ்வினாள். இடது கை நடுங்கியது. வாட்ச் நடுங்கியது. ஒரு மயிரளவு கூடுதலாக இழுத்தால் தண்டு கையில் வந்துவிடும். இடுக்கி தோலைக் கீறியது. ரத்தம். கண்ணில் தண்ணீர். கட்டம் தெரியவில்லை.

பீரோ.

நிதானம். நிதானம். எத்தனை ஆயிரம் வாட்ச். கண் மூடினாலும் செய்வாள். மேசையில் விரித்த பச்சைத் துணியில் வைத்தால், லென்ஸைக் கண்ணில் பொருத்தினால், ஒரு நொடி.

திரை வளையங்கள் கம்பியில் உரசின.

அவள் திரும்பவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம் கையில் இருந்தது. கை தானே பட்டையின் கொக்கியை விடுவித்தது. வாட்சை உருவிப் பச்சைத் துணியின் நடுவில் வைத்தது. லென்ஸைக் கண்ணில் பொருத்தியது. இடுக்கியைச் சரியாகப் பிடித்தது. நடுக்கம் நின்றிருந்தது. குனிந்தாள்.

லென்ஸுக்குள் பச்சை இழைகள். ஒவ்வோர் இழையும் கயிறுபோல் பெரிதாக. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக. வட்டமாக அழுந்திய ஒரு தடம். அந்த இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன.

அங்கே வேறு எதுவும் இல்லை.

இடுக்கியின் நுனி காற்றைக் கவ்வியது. துணியைத் தடவினாள். மேசையைத் தடவினாள். இதுவரை ஓடிக்கொண்டிருந்த ஒரே சத்தமும் எங்கும் இல்லை.

அவள் தோளுக்கு மேலாக மஞ்சள் வட்டம் வந்து துணியின் நடுவில் விழுந்தது. ஆடாமல் அங்கேயே நின்றது. பின்கழுத்தில் ஈரத் துணியின் வாடை. ஏறிய மூச்சு நின்று, வெகு நேரம் கழித்து இறங்கியது.

"கழட்டிட்டீங்களாம்மா?"