மூன்று தரம் தட்டினால்

இரணைமடுவுக்குப் பக்கத்திலிருந்த தன் வளவுக்கு இரஞ்சிதம் மீளக் குடியேறியபோது மிஞ்சிக் கிடந்தது பதுங்குகுழி மட்டும்தான். அதை மண் போட்டு மூடினாள். அதன் மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளை எறிய மனம் வரவில்லை. வைரம் பாய்ந்த மரம், வீணாக்கக் கூடாது என்று பத்திரமாக வேலியோரம் போட்டு வைத்தாள். இந்த வருடம் சமைக்கவென்று குசினி கட்டியபோது அவைதான் கூரைக்கு வளையாக ஏறின.

புதுக் குசினியில் பால் காய்ச்சிய அன்று மாலையே சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

"அணில் அம்மா" என்றாள் மகள் தேனுகா. இரஞ்சிதம் நிமிர்ந்து கூரையிலிருந்த குற்றிகளைப் பார்த்தாள்.

போர்க்காலத்தில், எறிகணைச் செல் அடித்த நாட்களில் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பதுங்குகுழிக்கு வெளியே நிற்பவர் மேலிருக்கும் குற்றியில் மூன்று தரம் தட்டினால், உள்ளே இருப்பவர்கள் ஒடுங்கி இருந்து இடம் விடவேண்டும். ஒரேயொரு நாள் இரஞ்சிதம் விடவில்லை. குழிக்குள் ஒன்பது பேர், வாசலில் மண்மூட்டை. தட்டியவள் பக்கத்து வீட்டு விமலேஸ்வரி. "அன்ரி" என்று கூப்பிட வாயெடுத்த மூன்று வயதுத் தேனுகாவின் வாயை இரஞ்சிதம் பொத்திப் பிடித்தாள். பாவி, இரஞ்சிதத்துக்கும் உயிர்ப்பயம். அடுத்த செல்லுக்குப் பிறகு தட்டும் சத்தம் வரவில்லை.

நாலாம் நாள் பொழுதுபட விறகோடு வந்தவள் குசினி வாசலில் நின்றாள். பாய் பரந்து கிடக்க, தேனுகா சுவரோடு ஒட்டி இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை இப்பிடி ஒடுங்கி இருக்கிறாய்?"

"அன்ரிக்கு இடம் விட்டனான்."

"எந்த அன்ரி?"

தேனுகா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். "உங்களைத் தெரியுமாம் அம்மா."

ஈர மண் மணந்தது. கூடவே வெடிமருந்தின் நெடி.

விறகு கைநழுவி விழுந்தது. "வெளியாலை வா பிள்ளை! கெதியா வா!"

படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தள்ளினாள், உதைத்தாள், தோளால் மோதினாள். கதவு அசையவில்லை.

"விமலேஸ்வரியக்கா, பிழை என்ரைதான். பிள்ளையை விடுங்கோ."

 வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கை தானாக எழுந்தது.

மூன்று தரம் தட்டினாள்.

உள்ளே ஒருவரும் அசையவில்லை.

"அம்..."

மகளின் குரல் பாதியில் அமுங்கிப் போனது. கையால் வாயைப் பொத்தினால் அப்படித்தான் அமுங்கும். இரஞ்சிதத்துக்கு அது நன்றாகத் தெரியும்.