நீங்க என்று அழைக்கும் குரல்

மூடுபனிக்குள்ளிருந்து எமிரின் குரல் கேட்டது. “தட்டு,” என்றது.

வயல் கதவருகே நின்ற நெரிஸ், இரும்பைத் தட்ட ஓங்கிய ஸ்பேனரை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த க்விந்தாவ் கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“கேட்டியாம்மா? கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் உன் வீட்டுக்காரனுக்கு உன்ன ஒருமையில கூப்பிடத் தைரியம் வந்திருக்கு. பனிக்குள்ள மூஞ்சி தெரியாதுல்ல, அதான்.”

நெரிஸும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

எமிரின் வயலில் கூடாரம் போட வரும் ஆங்கிலேயர்களுக்கு இந்த வேடிக்கை புரியாது. பாவம், அவர்கள் பேச்சில் ராஜாவுக்கும் ஒரே வார்த்தை, நாய்க்கும் அதே வார்த்தைதான். வேல்ஸ்காரர்கள் எங்களுக்கு அப்படியில்லை. எங்கள் வெல்ஷ் மொழியில் நீ வேறு, நீங்கள் வேறு. அதிலும் எமிர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் சொல்வார்கள். எமிர் நீ என்று கூப்பிடுவது ஆட்டை, டிராக்டரை, ஆண்டவனை. அவ்வளவுதான். படுக்கையிலும் நீங்கதானா என்று அபர்தாரோன் ஊர் பப்பில் அவனைச் சீண்டாத ஆள் கிடையாது. ஆமாம், படுக்கையிலும் நீங்கதான். கல்யாணமான புதிதில் நெரிஸுக்கு அது வாத்தியாரோடு குடித்தனம் நடத்துவதாகவே இருந்தது. பிறகு எப்போதோ அந்த வார்த்தைக்குள்தான் அவன் தன் ஆசை முழுவதையும் வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

செப்டம்பர் முடியப்போகிறது. எதிரே கடலில் இருக்கும் என்லி தீவைப் பார்க்கவும் கடல்நாய்க் குட்டிகளைப் படம் பிடிக்கவும் வந்த கூட்டமெல்லாம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. புல்வெளியில் கூடாரம் இருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தன. ரெக்ஸம் நகரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற க்விந்தாவ் ஒருவர்தான், வருஷா வருஷம் போல, தன் பழைய கேரவனோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தார். அன்று பெரிய ஓதம் ஏறும் நாள், கடல் வழக்கத்தைவிட மேலே வரும். படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன், டீக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லி எமிர் கீழே கடற்குழிவுக்கு இறங்கினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் தீவைக் காணோம். பிறகு கடலைக் காணோம். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் காணோம், அவை புல்லைப் பிய்க்கும் சத்தம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

கீழேயிருந்து வரும் ஒற்றையடிப் பாதை பாதி ஏற்றத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் திரும்பினால் இந்த வயல் கதவுக்கு வரும். இடது பக்கம் போவது பழைய பாதை. போன குளிர்காலத்து மழையில் பாறை சரிந்ததிலிருந்து அது இருபது அடி போய் அந்தரத்தில் முடிகிறது. பனியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கீழே ஆள் இருக்கும்போது பனி ஏறினால் மேலே ஒருத்தர் இரும்பைத் தட்ட வேண்டும். மூன்று முறை தட்டிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் குரல் கொடுப்பார், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார். எமிரின் அம்மா காலத்தில் கலப்பைக் கொழுவைத் தட்டினார்கள். இப்போது கதவுத் தூணில் சங்கிலியில் தொங்குவது காலி கேஸ் சிலிண்டர்.

“க்விந்தாவ் மாமா,” என்றாள் நெரிஸ். “வீட்டுக்குப் போய் கடலோரக் காவலுக்கு ஒரு போன் பண்ணிட்டு வர்றீங்களா? இங்க சிக்னல் கிடையாது. நான் தட்டுறத விட்டுட்டு வர முடியாது.”

“எதுக்கு? அவன்தான் குரல் குடுக்குறானே.”

“குடுக்குறாரு. இருந்தாலும்.”

கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்கை மூடி நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்தார். “போற வழியில நான் தொலைஞ்சுபோனா எனக்கும் ரெண்டு தட்டு சேத்துத் தட்டும்மா,” என்று சொல்லிக்கொண்டே வேலி ஓரமாக நடந்தார். நாலு எட்டில் பனி அவரை விழுங்கிவிட்டது. அவருடைய ரப்பர் பூட்ஸ் ஈரப்புல்லில் சப்சப்பென்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனது.

நெரிஸ் தட்டினாள். மூன்று முறை. இரும்பின் ரீங்காரம் பனிக்குள் போய், எங்கும் மோதாமல், ஈரத்துணியில் சொட்டிய எண்ணெய் பரவுவதைப்போல மெல்லப் பரவி அடங்கியது. சிலிண்டரின் துரு வாசனையும், வேலியோர முட்புதரின் நனைந்த மஞ்சள் பூ வாசனையும், அவற்றுக்கெல்லாம் அடியில் ஓதம் வற்றிய பிறகு பாறை இடுக்கிலிருந்து வருமே, அழுகிய பாசியும் உப்பும் கலந்த அந்த வாடையும் வந்தன. ஆனால் இது ஓதம் ஏறும் நேரம். இப்போது அந்த வாடை வரக் கூடாது.

“வர்றேன்,” என்றது குரல்.

எமிரின் குரல்தான். சந்தேகமே இல்லை. வார்த்தையின் வாலை லேசாக இழுப்பது உட்பட அவனேதான்.

“எங்க இருக்கீங்க?” என்று கத்தினாள்.

“பக்கத்துல. தட்டு.”

படகுக் கயிறு கையை அறுத்திருக்கும், குளிர் எலும்பில் ஏறியிருக்கும், அந்த நேரத்தில் யாருக்கு மரியாதை ஞாபகம் வரும் என்று நெரிஸ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன் மனசு கோணலாகப் போகிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மறுபடி தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த விஷயம் உறைத்தது. எமிருக்கு மார்ச்சளி. வாயில் சிகரெட் இல்லாத நேரம் குறைவு. அந்த ஏற்றத்தில் பாதி ஏறியதுமே அவனுக்கு மூச்சு விசில் அடிக்கும். ஒரு வார்த்தை சொல்ல இரண்டு முறை இருமுவான்.

இந்தக் குரலில் மூச்சே இல்லை. வார்த்தை மட்டும் இருந்தது.

நெரிஸ் கதவின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். மரம் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பனி இப்போது வெள்ளையாக இல்லை, பொழுது சாயும் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கீழே அலைச்சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் புல்மேல் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது, ஓரிடத்தில் இல்லை, இங்கே ஒன்று, தள்ளி அங்கே ஒன்று.

அப்போது வெகு கீழேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, இன்னொரு குரல் வந்தது. முதலில் இருமல். பிறகு விசிலடிக்கும் மூச்சு. பிறகு,

“நெரிஸ்... தட்டாதீங்க.”

அவள் கதவுக்கு மேலாகக் குனிந்தாள்.

“எமிர்?”

“தட்டாதீங்க. அந்தச் சத்தத்துக்கு... எனக்கு முன்னால... வேற என்னமோ ஏறி வருது.”

ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. அந்த நீங்கவில் இருபது வருஷம் இருந்தது. இதுதான் அவன். இதுதான் என் புருஷன். தட்ட மாட்டேன், எமிர், தட்ட மாட்டேன். கதவுச் சங்கிலியை எடுத்துத் தூணின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

கதவுக்கு அப்பால் நின்ற அது யோசிப்பதாகப் பட்டது. ஒரு வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்ப்பதாகப் பட்டது.

பிறகு மிக அருகில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்,

“தட்டுங்க,” என்றது.

நெரிஸ் பின்னால் நகர்ந்தாள். நாற்காலி காலில் இடறி விழுந்தது. பிளாஸ்க் உருண்டது.

“தட்டுங்க, நெரிஸ்,” என்றது மறுபடி. இப்போது இருமியது. சரியாக இரண்டு முறை.

அவள் மேல்மூச்சு வாங்க நின்றாள். கிழவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், போன் பண்ணியிருப்பார், யாராவது வருவார்கள். வருகிறவரை தட்டாமல் இருந்தால் போதும். சத்தம் நின்றால் இது போய்விடும். ஆனால் சத்தம் நின்றால் எமிர்? இந்தச் சாம்பலுக்குள் பாதை பிரியும் இடத்தில் அவன் நின்றுகொண்டிருப்பான். வலதா, இடதா என்று யார் சொல்வது?

அந்த நினைப்புக்குப் பதில்போலக் கீழேயிருந்து வந்தது.

“நெரிஸ்? ஏன் நிறுத்திட்டீங்க?”

இருமல். விசில்.

“சத்தம் கேக்கலியே. எனக்கு வழி தெரியல. தட்டுங்களேன்.”

அப்படியானால் தட்டாதே என்று சொன்னது யார்? இவன்தானே சொன்னான். இவன் சொல்லவில்லையா? அதுவும் இவனில்லையா?

“நெரிஸ், நான் இடது பக்கமா நிக்கிறேனா, என்னன்னே...”

கீழே காலடியில் கற்பலகை உடையும் சத்தம். சின்னக் கற்கள் உருளும் சத்தம். உருண்டுகொண்டே இருந்தன. நெடுநேரம் உருண்டன.

“எமிர், நகராதீங்க. அங்கேயே நில்லுங்க. இதோ தட்டுறேன். இதோ.”

மண்டியிட்டுப் புல்லைத் துழாவினாள். ஈரம். முள். ஸ்பேனர் இல்லை. பிளாஸ்க் கிடைத்தது. அதை வைத்தே சிலிண்டரை அடித்தாள். பிளாஸ்க் நசுங்கியது. உள்ளே கண்ணாடி நொறுங்கியது. சூடான டீ மணிக்கட்டில் வழிந்தது. மூன்று தட்டாவது, நிறுத்திக் காது கொடுப்பதாவது. அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். என்னைத் தேடி வாங்க, இங்கே இருக்கேன், வாங்க, வாங்க. தோள் மரத்துப்போகும் வரை அடித்தாள். பிறகுதான் காது கொடுத்தாள்.

“வர்றேன்.”

கதவுக்கு நேராக.

“வர்றேன்.”

வலது கைப்பக்கம், வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம்.

“வர்றேன்.”

பாறை சரிந்த பக்கம். தரையே இல்லாத இடம் அது.

“வர்றேன் நெரிஸ்.” “வந்துட்டேன்.” “தட்டுங்க.” “வந்துட்டேன்.”

ஒவ்வொன்றும் எமிர். ஒவ்வொன்றுக்கும் இருமல். ஒவ்வொன்றுக்கும் விசிலடிக்கும் மூச்சு. ஒன்றிலும் மரியாதை குறையவில்லை.

காற்று புரண்டது. பனி அசைந்தது. முதலில் வேலிக் கம்பி தெரிந்தது, கம்பியில் வரிசையாகத் தொங்கும் நீர்த்துளிகள் தெரிந்தன. பிறகு கம்பியைப் பற்றியிருந்த விரல்கள் தெரிந்தன. வயலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரல்கள்.

பிறகு தொப்பிகள். எல்லாமே எமிரின் தொப்பி. பிறகு அவன் எண்ணெய்த்துணி மழைக்கோட்டு, இடது பை கிழிந்து தொங்கும் கோட்டு. தலைமுதல் கால்வரை கடல்நீர் ஒழுக, தோளோடு தோள் ஒட்டி, வேலி நெடுக எமிர் நின்றான். எல்லா முகமும் அவளைத்தான் பார்த்தது. அன்பாகத்தான் பார்த்தது.

“கதவத் திறங்க, நெரிஸ்,” என்றார்கள். மெதுவாக. ஒரே குரலில். “குளிருது.”

இவர்களில் ஒருவன் என் எமிர். ஏறி வந்திருப்பான். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். அவனை வெளியே விட்டுப் போக முடியாது. யார் அவன்? கண்டுபிடித்துவிடலாம். உடம்பில் உயிர் இருக்கிற மனுஷன் இவ்வளவு நேரம் கடல் தண்ணீரில் நனைந்து நின்றால் உதடு நீலமாகும், பல் கிட்டும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நடுங்குகிறவன்தான் என் புருஷன்.

கை சங்கிலியின் கொக்கிமேல் இருந்தது. நெரிஸ் இந்த மூலையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு தோளாகப் பார்த்தாள். கம்பியைப் பற்றிய ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு அந்த மூலைவரை போனாள்.

ஒருவனும் நடுங்கவில்லை.