பீரோவுக்கு முப்பத்தேழு டிகிரி

ஊருக்கெல்லாம் குளிர் விற்கிறவன் தன் வீட்டு ஆம்ப்ளிஃபயரை வேகவைத்துக் கொன்றான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. அம்மா வீட்டுத் தேக்கு பீரோவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தட்டுகளைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயர், டி.வி.டி. பிளேயர், செட்டாப் பாக்ஸ் என்று அத்தனையையும் உள்ளே அடுக்கியவன் அவன்தான். தூசு உள்ளே போகுமே என்று இடுக்கெல்லாம் நுரைப்பட்டை ஒட்டி, கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பியவனும் அவன்தான். இருபத்தாறு வருஷ ஏ.சி. மெக்கானிக். ‘காத்து உள்ள போகணும், சூடு வெளிய வரணும், அவ்வளவுதாங்க விஷயம்’ என்று வீடு வீடாகப் பாடம் நடத்துகிற வாய். மூன்றாவது பாட்டின் நடுவில் குரல் கரகரத்தது. கதவுக்கு மேலே நூல் போலப் புகை எழுந்தது. கூடம் முழுக்கக் கருகிய வாடை.

“உலகத்துல இருக்கிற பெட்டிக்கெல்லாம் மூச்சு விட வழி பண்றீங்க. நம்ம வீட்டுப் பெட்டிய மட்டும் மூச்சு முட்ட வச்சுட்டீங்களே!” என்றாள் மனைவி.

“எல்லாம் உன் நாத்தனார் கண்ணு பட்டது.”

“அவங்க கண்ணு படணும்னா முதல்ல வீட்டுக்குள்ள வரணும். வந்து நாலு மாசம் ஆச்சு.”

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அம்மா போன பிறகு அவனுக்கு அம்மாவாக இருந்தவள் அக்கா. ஞாயிறு தவறாமல் வருவாள். செருப்பை விடும்போதே அவன் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். பீரோ வந்த வாரம், வாசலில் நின்று அதைப் பார்த்தவள் பழப்பையைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னாலேயே ஓடிப் போய்க் கேட்டான். “அத வெட்டி எரிச்சுடு. ஏன்னு கேக்காத. மூச்சு விடமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றாள். தேக்கு மேல் ஆசை, வேறென்ன என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். சொன்ன வாய்க்கே அது கசந்தது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஏன் என்கிற கேள்விக்கு அக்கா வாயால் நேரான ஒரு பதில்.

சரி, பெட்டிக்காவது வழி பண்ணுவோம் என்று சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தான். மனைவி நூலக வேலைக்குப் போயிருந்தாள். நுரைப்பட்டைகளைக் கிழித்தெடுத்தபோது அவற்றுக்கு அடியில் கெட்டியாகிப் போன கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று கதவு விளிம்பு முழுக்க ஓடியிருந்தது. அவனுக்கு முன்னாலேயே யாரோ அடைத்திருக்கிறார்கள். ‘பரம்பரைப் புத்தி’ என்று சொல்லிக்கொண்டே சுரண்டினான். பக்கப்பலகையில் கீழே ஒரு வட்டத் துளை, மேலே ஒரு வட்டத் துளை போட்டான். மேல் துளையில் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சின்ன விசிறி. உள்ளே புது ஆம்ப்ளிஃபயர். வெப்பமானியின் வயரை உள்ளே விட்டு, எண் தெரிகிற முகத்தை வெளியே ஒட்டினான். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டான்.

ஒரு மணி நேரம் பாட்டு ஓடியது. 37.0. பரவாயில்லை, மெக்கானிக் மெக்கானிக்தான்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தான். 37.0.

பிளக்கைப் பிடுங்கினான். கூடத்து ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து, அதன் முகத்தை பீரோ பக்கம் திருப்பினான். கால் விரல்கள் சில்லிட்டன. 37.0. கருவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் பரப்பினான், எல்லாம் சில்லென்றிருந்தன. வெறும் பீரோவைப் பூட்டிவிட்டு வெப்பமானியை மாற்றினான். வேலைக்கு எடுத்துப் போகிற நல்ல மீட்டர், ஒருநாளும் பொய் சொல்லாதது.

37.0.

“யார்கிட்ட விளையாடுறே?” என்று பீரோவைப் பார்த்துக் கத்தினான். கத்தியதும் வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள், மரத்தோடு சண்டை.

ஏ.சி.யின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது, காற்று போய் வருகிற மாதிரி. தேக்கு வாடையோடு, வெயிலில் விளையாடிவிட்டு வந்த தலைமுடியின் வாடை, எண்ணெயும் வியர்வையும் கலந்த புளிப்பு, மேல் துளை வழியாக விட்டுவிட்டு வந்தது. விட்டுவிட்டு வருவதுதான் உறுத்தியது. கசிகிற காற்று ஒரே சீராகக் கசியும். அதற்கு அவனிடம் ஒரு பழைய வித்தை உண்டு. மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஒரு முனையை ஒட்டித் தொங்கவிட்டால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். விசிறியைக் கழற்றிவிட்டு, கீற்றை மேல் துளையின் மேல் விளிம்பில் ஒட்டினான். அறைக்கு அந்தக் கோடிக்குப் போய் ஏ.சி.யை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

கீற்று உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே. வெளியே. வேகமாக, மேலோட்டமாக, பெரியவர்கள் விடுவதைப் போல அல்லாமல்.

ஓர் அடி எடுத்து வைத்தான். கீற்று துளையோடு ஒட்டிக்கொண்டது.

நின்றான். எண்ணினான். இருபது. முப்பது. கீற்று அசையவில்லை. நாற்பது. பின்னால் நகர்ந்தான், ஒரு தப்படி, இரண்டு. படக்கென்று கீற்று வெளியே பறந்தது. அடக்கியதையெல்லாம் விடுகிற மாதிரி. பிறகு உள்ளே. வெளியே.

அவன் வந்தால் அடக்குகிறது.

வியர்த்தது. வியர்வைக்கு மேல் கோபம் வந்தது. பயம் வந்தால் அவனுக்குக் கோபம்தான் வரும், மனைவி கேலி செய்கிற வியாதி. மீட்டரைப் பார்த்தான். முப்பத்தேழு. எந்த மெஷினின் சூடும் இல்லை இது. எல்லார் உடம்பிலும் இருக்கிற சூடு. காய்ச்சல்கூட இல்லை.

காய்ச்சல் என்ற சொல்லில் மனசு தட்டி நின்றது. அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். சின்னவன். இவனுக்கு ஐந்து வயதில், மூன்று வயதுச் சின்னவன் காய்ச்சலில் போனான் என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. இவனும் கேட்டதில்லை. ஒரு போட்டோகூட இல்லாத தம்பி.

அக்காவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டு பீரோ மேல் வைத்தான்.

“என்னடா, பெரியவனே? நாலு மாசத்துக்கு அப்புறம் ஞாபகம் வந்துச்சா?”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லு. சின்னவனுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி?”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“இப்ப எதுக்குடா அது?”

“எத்தனைன்னு கேட்டேன்!”

“கத்தாத.”

“கத்துவேன். அம்மா சொல்லல, அப்பா சொல்லல, நீ பீரோவப் பாத்துட்டு வாசலோட ஓடறே. இத்தனை வருஷமா எல்லாரும் சேந்து என்ன மடையனாக்கி வச்சிருக்கீங்க. மரத்துமேல ஆசைன்னு ஊர்ல உன்னப் பத்தி அசிங்கமா பேசிட்டுத் திரியறேன், அது தெரியுமா உனக்கு?”

“தெரியும். பேசிட்டுப் போ. அதுவே மேலுன்னுதான் இருந்தேன்.”

“எதுக்கு மேலு? சொல்லித் தொலை!”

கீற்று துளையோடு ஒட்டியிருந்தது. அவன் பக்கத்தில் நின்றிருந்தான்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். “காய்ச்சலே இல்லடா.”

“அப்புறம்?”

“கண்ணாமூச்சி ஆடினோம். நான்தான் கண்ண மூடி எண்ணினேன். நீ அவன பீரோவுக்குள்ள ஒளிச்சுப் பூட்டிட்டே. உள்ள கரப்பான் போகக் கூடாதுன்னு அப்பா கதவு பூரா ரப்பர் ஒட்டியிருந்தாரு.” அவள் குரல் வேகமெடுத்தது, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல. “பூட்டின பீரோவ யாருக்குடா பாக்கத் தோணும்? தெருவெல்லாம் தேடினோம். கிணத்துல ஆள் இறக்கினாங்க. உன்ன மடியில வச்சுக்கிட்டு அம்மா கெஞ்சினாங்க, தம்பி எங்கடா ராஜா, எங்கடா கண்ணுன்னு. நீ சிரிச்சே. ஆட்டம்னு நினைச்சே. ‘மூச்சு விடமாட்டேன்’னே.”

அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ரப்பர் வாடை மட்டும் வந்தது.

“அவன்கிட்டயும் அதையேதான் சொல்லிட்டு வந்திருக்கே. நான் எண்ணும்போது காதுல விழுந்துச்சு, எங்கேருந்துன்னு தெரியல. ‘அக்கா பக்கத்துல வந்தா மூச்சு விடாத’ன்னு. நீ சொன்னா அவன் தட்டமாட்டான்டா. அவ்வளவு பிரியம்.” அழுதாள். “ரெண்டு பிள்ளையும் போயிடக் கூடாதுன்னு அம்மா காய்ச்சல்னு சொன்னாங்க. உன்மேல யாருக்கும் கோபமில்ல. எப்பவும் இருந்ததில்ல.”

நாலு மாசக் கோபம் மொத்தமும் போக இடமில்லாமல் அவனுக்குள்ளேயே திரும்பி விழுந்தது.

மீட்டர் சின்னதாக ஒளிர்ந்தது. 36.8.

மத்தியானத்திலிருந்து அசையாத எண்.

36.5.

“வேண்டாம்,” என்றான் அவன். இத்தனை நேரமாகக் குளிர வைக்கப் பாடுபட்ட பெட்டியிடம். “டேய், மூச்சு விடு. நான்தான் சொல்றேன். விடுடா.”

“யார்கிட்டடா பேசறே?”

கீற்று அசையவில்லை. பூட்டைப் பிடித்தான். சாவி தொங்கவில்லை. தொங்கவிட்டது நிச்சயமாக அவன்தான். கருவிகளுக்கு நடுவே தேடினான், முட்டி போட்டு, ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்து. 35.7.

“அக்கா. அன்னைக்கு சாவி. சாவி எங்க இருந்துச்சு?”

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இந்த முறை மறைக்கவில்லை.

“உன் டவுசர் பையில.”

கை தானாகப் போனது. பைக்குள், சில்லென்று, இருந்தது.

34.9. பூட்டில் நுழைத்தான். திருப்பினான். கடக்கென்றது. இழுத்தான், கதவு ஒரு நூல் அளவு திறந்தது. பிறகு உள்ளேயிருந்து, சின்ன பலத்தோடு, சத்தமே வராமல், யாரோ அதை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.

34.2.

33.6.