குற்றகைதாரர்

இராமலட்சுமியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வழக்கமாக வருவது கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்வீட்டார் சொன்ன வேலை நிஜமா என்பதற்கு மேல் தென்காசிக்காரர்கள் எதையும் துப்பறியச் சொல்வதில்லை. அதனால் சனிக்கிழமை காலை சாரலில் நனைந்தபடி ஒருவர் படியேறி வந்து, "வெப் டிசைனிங் கம்பெனி நடத்துகிறேன்" என்றதும் உதவியாளன் உவைஸுக்குக் கண் விரிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் வழக்கு என்றால் பந்திக்கு முந்துகிற ஆர்வம்.

"என் பெயர் விஜயசங்கர். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு இணையதளம் செய்து கொடுத்தோம்" என்றார் வந்தவர். 'ற்ற'வை அவர் அழுத்திச் சொன்ன விதம், வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"அதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் இராமலட்சுமி.

அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உலாவியில் தெரிந்த பக்கத்தை அப்படியே பிடித்த படம். மேலே அருவிப் புகைப்படத்தின் மீது 'குத்தாலம் அழைக்குது' என்று பெரிய எழுத்து. கீழே 'குற்றாலத்தின் புதிய விடுதி', 'சீசனின் முதல் அறை உங்களுக்குற்றான்' என்று இரண்டு வரிகள். கடைசியில் 'குற்றகைதாரர்: பாண்டிராஜ்'.

உவைஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். பாண்டிராஜை ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு திருட்டு வழக்கில் சிக்கி, நிரபராதி என்று விடுதலையானவர். அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து எடுத்த முதல் காரியம் இந்த லாட்ஜ் குத்தகை.

"புதன்கிழமை திறப்பு விழா. என் லேப்டாப்பைப் பெரிய டிவியில் மாட்டித் தளத்தைக் காட்டினேன். பாண்டிராஜின் மாமனார் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டார்." விஜயசங்கரின் குரல் உடைந்தது. "குத்தாலத்துல அத்தன பேரு முன்னால மானம் போச்சும்மா! அந்த இடத்துலயே ஒரு பட்டன அமுக்கி, யாரும் பாக்க முடியாதபடி தளத்த மூடிட்டேன். எல்லாம் அந்த வேல்விழி செஞ்ச வேலை. தளத்த எழுதினவ அவதான். போன வாரம் லீவு கேட்டா, நான் குடுக்கல. அந்தக் கடுப்பு!"

"வேலையை விட்டு அனுப்பிட்டீங்களா?"

"அன்னைக்கே. இந்தப் படத்தையும் அவ பேரையும் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். இப்ப பாண்டிராஜ், சாயங்காலத்துக்குள்ள அவ செஞ்சதுக்குச் சாட்சி கொண்டுவா, இல்லைன்னா ஒன் மேலயே போலீஸ்ல எழுதிக் குடுப்பேங்காரு."

"தளத்துல நீங்க எதுவும் கை வச்சீங்களா, அண்ணாச்சி?"

"நானா?" அவர் குடையைத் தேடினார். "முதலாளி எதுக்கும்மா கம்ப்யூட்டர் கோடு எழுதணும்?"

அச்சன்புதூரில் வேல்விழி மூன்று நாளாக வாசலுக்குக்கூட வரவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இராமலட்சுமியையும் உவைஸையும் கண்டதும் வேல்விழி அழவில்லை, சண்டை போடவில்லை. லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதிய தளத்தின் பிரதியைக் காட்டினாள். அதில் 'குத்தாலத்தின் புதிய விடுதி', 'உங்களுக்குத்தான்', 'குத்தகைதாரர்' என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"குத்தாலம்னு வேணும்னேதான் எழுதினேன்க்கா. நாம அப்படித்தான சொல்லுதோம்? அண்ணாச்சிக்குப் பிடிக்கல. மெட்ராஸ்காரன் சிரிப்பான், மாத்துன்னாவ. பாண்டிராஜ் அண்ணாச்சிக்குப் பிடிச்சிருக்கு, மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்."

இராமலட்சுமி உலாவியின் மேல் ஓரத்தைச் சுட்டினாள். "இந்தக் குட்டிப் படமெல்லாம் என்னது?"

"எக்ஸ்டென்ஷன். உலாவியோட கூடச் சேத்துக்கிடுத சின்னக் கருவி. ஒரு பக்கத்துல இருக்க நிறம் என்னன்னு இது எடுத்துக் குடுக்கும். இது என்ன எழுத்துருன்னு சொல்லும். இது அளவுகோல். இது போன்ல எப்படித் தெரியும்னு காட்டும். ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் இந்த நாலையும் நாந்தான் போட்டு வச்சேன்." லேப்டாப்பை மூடினாள். "திருநெல்வேலில ஒரு கம்பெனில வர்ற திங்கக்கிழமை சேரச் சொல்லிருந்தாவ. அந்த நாளுக்குத்தான் லீவு கேட்டது. குரூப்புல வந்த படத்தப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாவ. போலீஸ்ல வேற எழுதிட்டா, எவன்க்கா எனக்கு வேலை குடுப்பான்?"

திரும்பும் வழியில் உவைஸ் விடவில்லை. "பிரதிய அவ பின்னால திருத்தி வச்சிருக்கலாம்லக்கா? நல்லா நடிக்கா."

"அந்தப் படத்துல ரெண்டாவது வரிய வாசி."

"சீசனின் முதல் அறை உங்களுக்குற்றான்."

"இதுல யாரத் திட்டுதா?"

இராமலட்சுமி, விஜயசங்கர் அனுப்பியிருந்த அந்தப் படத்தைக் கைபேசியில் அவனிடம் நீட்டி, மேல் ஓரத்தில் எத்தனை குட்டிப் படம் என்று எண்ணச் சொன்னாள். அவன் இரண்டு தடவை எண்ணினான். ஐந்து இருந்தது.

மாலை நான்கு மணிக்கு ஐந்தருவிச் சாலை லாட்ஜின் வரவேற்பறையில் ஐவரும் கூடினார்கள். வேல்விழி கதவோரம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாண்டிராஜ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாட்சி எங்க?" என்றார்.

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் இராமலட்சுமி. "உங்கள அசிங்கப்படுத்தணும்னா ஒரு வார்த்தை போதும். 'உங்களுக்குத்தான்'ங்கிறத எதுக்குக் கெடுக்கணும்? அதுல யாருக்கும் அவமானம் இல்ல. கோவத்துல செய்த ஆளு இப்படிச் செய்ய மாட்டான். ஆள் பாக்காம, அர்த்தம் பாக்காம செய்தது மெஷின்." அவள் படத்தை டிவியில் காட்டச் சொன்னாள். "குத்தாலம், குத்தகைதாரர், உங்களுக்குத்தான். மூணுக்கும் பொதுவா என்ன இருக்கு? 'குத்த'. அது எங்கெங்க வந்துச்சோ அங்கெல்லாம் 'குற்ற'ன்னு மாறியிருக்கு."

"உங்களுக்குத்தான்ல 'தா'ல்லா இருக்கு?" என்றான் உவைஸ்.

"நமக்குத்தான் அது ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு முதல்ல 'த', அப்புறம் துணைக்கால். அதனால அதுவும் மாட்டிக்கிச்சு. ஆனா மேல இருக்க 'குத்தாலம் அழைக்குது' மட்டும் மாறல, பாருங்க. அது எழுத்து இல்ல, புகைப்படத்தோட ஒட்டுன படம். தளத்துக்குள்ள போய் மாத்துற ஆளா இருந்தா, முதல்ல அந்தப் பெரிய எழுத்துலதான் கை வச்சிருப்பான்." இராமலட்சுமி விஜயசங்கர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, தளத்தத் திரும்பத் திறங்க. உங்க லேப்டாப்புலயே."

அவர் அசையவில்லை. பாண்டிராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் விரல் நகர்ந்தது. டிவியில் பக்கம் விரிந்தது. 'குற்றகைதாரர்: பாண்டிராஜ்.'

"இப்ப உங்க போன்ல பாருங்க" என்றாள் இராமலட்சுமி பாண்டிராஜிடம்.

பாண்டிராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உவைஸும் தன் கைபேசியில் பார்த்தான். இரண்டிலும் 'குத்தகைதாரர்' என்றே இருந்தது.

"தளம் என்னைக்குமே தப்பா இல்ல. இந்த ஒரே உலாவிலதான் தப்பாத் தெரியுது. அஞ்சாவதா இருக்கு பாருங்க, ரெண்டு அம்புக்குறி போட்ட படம். ஒரு வார்த்தைய இன்னொரு வார்த்தையா மாத்திக் காட்டுத கருவி. வச்சிருக்க ஆளுக்கு மட்டுந்தான் மாத்திக் காட்டும். தளத்தத் தொடாது. வேல்விழி போட்டது நாலு. அஞ்சாவதப் போட்டது யாரு அண்ணாச்சி?"

வெளியே ஐந்தருவிக்குப் போகிற வேன்களின் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. விஜயசங்கர் தரையைப் பார்த்தபடி பேசினார். அழுத்திச் சொன்ன தமிழெல்லாம் எங்கோ போயிருந்தது.

"நாந்தான். விழா அன்னைக்குக் காலைல. குத்தாலம், குத்தாலத்துல, குத்தாலத்துக்குன்னு எல்லாம் மாறட்டும்னு முதல் மூணெழுத்த மட்டும் குடுத்தேன். தளமே மாறிட்டுன்னு நெனச்சேன். எனக்கு இந்த வேலை தெரியாதும்மா. போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தவன் நான். போர்டு மாத்தி வெப் டிசைனிங்னு எழுதி ஏழு வருஷமாச்சு, ஒரு வார்த்தை மாத்தத் தெரியாது. அத அவட்ட எப்படிக் கேப்பேன்?"

"டிவில பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டாள் இராமலட்சுமி.

"தெரிஞ்சுது. முழுசாத் தெரியல, ஆனா நான் மாத்துனதுதான்னு சந்தேகம் வந்துச்சு. எல்லாரும் என்னையவே பாத்தாவ. வாயில அவ பேரு வந்துட்டு. அதுக்கப்புறம் பின்வாங்க முடியல." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "செத்துரலாம் போல இருக்கு."

பாண்டிராஜுக்கு அடிக்கக்கூடக் கை வந்தது. ஆனால் அவர் அடிக்கவில்லை. "செய்யாத தப்புக்குப் பேரு வாங்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்வே" என்றார். "தெரிஞ்ச நானும் அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேக்காம போலீஸுன்னு குதிச்சேன் பாரும். எனக்குல்லா வெக்கமா இருக்கு."

உவைஸ் நோட்டை மூடினான். புதன்கிழமையே அந்தப் படம் தனக்கும் வந்ததையும், சிரிக்கிற பொம்மை போட்டு மச்சான்மார் குரூப்புக்கு அனுப்பியதையும் அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னான். வேல்விழியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"அதே குரூப்புல எழுதும்" என்றார் பாண்டிராஜ். "இப்பவே."

விஜயசங்கர் லேப்டாப்பில் அதே உலாவியிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து தட்டினார். நாலு தடவை அழித்து எழுதினார். 'வேல்விழி மீது எந்தத் தவறும் இல்லை. தவறு செய்தது நான். வெட்கம் எனக்குத்தான்' என்று அனுப்பினார். அனுப்பிய மறுகணம் அவர் திரையில் கடைசி வரி 'வெட்கம் எனக்குற்றான்' என்று நின்றது.

அவர் பதறிப்போனார். எதை அமுக்கினால் அது சரியாகும் என்று தெரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கதவோரம் வந்து, "ஏட்டி வேல்விழி, இது சரியாப் போயிருக்கா? நீயே பாத்துச் சொல்லும்மா" என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடும்படியும் அதே மூச்சில் கெஞ்சினார்.

வேல்விழி அவருடைய திரையைப் பார்க்கவேயில்லை. பாண்டிராஜின் கைபேசியை வாங்கி அந்தச் செய்தியைப் படித்தாள். படம் பிடித்துத் தனக்கு அனுப்பிக்கொண்டாள். தன் கைபேசிக்கு அது வந்ததும், அங்கிருந்தே திருநெல்வேலிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டினாள்.

"சரியாத்தான் போயிருக்கு. என் போன்ல எல்லாம் எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.