பாலாம்பிகையின் அம்மா பாடிய சுருள்

தகர டப்பாவைத் திறந்த பாலாம்பிகைக்கு உள்ளே மடித்து வைத்த ஒரு துவாய்த் துண்டுதான் கிடைத்தது. படச்சுருளைக் காணவில்லை.

ஜெர்மனியில் வுப்பர்டால் நகரம், 1986 பெப்ரவரி, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பன்னிரண்டு மணிக்கு டுசில்டோர்ஃபில் படப்பிரதி எடுக்கும் கூடத்தில் டெர்மின், முன்கூட்டியே குறித்துக்கொடுத்த நேரம். தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய காலத்துப் பாட்டுப்படம் ஒன்று அடியோடு அழிந்துபோயிருந்தது. அதற்கு ஒலிப்பதிவு செய்த ஜெர்மன்காரர் தன் ஊருக்குக் கொண்டுவந்த இந்த ஒரு சுருள்தான் மிச்சம். அதில் பாடுகிறவர் பாலாம்பிகையின் அம்மா. மகளைப் பெற்ற கையோடு கண்ணை மூடியவர். நாற்பது வயதாகியும் மகள் அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. சுருளோ ஏற்கெனவே பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் குரலும் போய்விடும்.

அடுத்த தெருவிலிருந்து உருத்திரமூர்த்தியை அழைத்து வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சப் இன்ஸ்பெக்டர். இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். உள்ளே வந்தவரின் கண்ணில் முதலில் பட்டது சேதுராமன். மதராஸ்காரன், பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி. அந்த ஜெர்மன்காரரின் விதவையிடம் பேசிச் சுருளை வாங்கி வந்தவனும் அவனே. அவன் போகிற வீட்டிலெல்லாம் 'தொக்டர்' என்று நல்ல கதிரையைத் துடைத்துப் போடுகிறார்கள். மூர்த்திக்கு வயிறு எரிந்தது. கள்ளன் இவனாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டார்.

ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வழக்கம்போல நெற்றிக்குத் திருநீறு கேட்டார்.

பாலாம்பிகை கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "துடக்கு அண்ணை, சாவுத் தீட்டு. என்ர மனுசன்ர சித்தப்பா ஊரில மோசம் போயிட்டார். செவ்வாய்க்கிழமை டெலிபோன் வந்தது. அண்டைக்கு மூடின சாமித்தட்டு, திறக்கிறேல்லை. சேதுராமன் தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிறகு இஞ்ச சாப்பிட மாட்டார். வாடகைக்கு இருக்கிற லோறன்ஸுக்கும் சொல்லேல்லை, அவனுக்கு வாய் நிக்காது."

மூர்த்தி காலி டப்பாவுக்குள் மூக்கை விட்டார். கற்பூர வாடை. மூலையில், திரை மூடிய சாமித்தட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தார். வெளியே பனி கொட்டியதால் ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்திக் கிடந்தன. அங்கேயும் கற்பூரம் மணந்தது.

முதலில் சேதுராமன்.

"ராத்திரி எங்க படுத்தனீர்?"

"இந்த சோபாலதான் சார். காலைல ஏழு மணிக்குக் குளிக்கப் போனேன். அப்ப டப்பா மேஜை மேல இருந்தது."

"சுருளைப் பற்றி வேற ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். இது நைட்ரேட் ஃபிலிம் சார், ரொம்ப டேஞ்சர். ஒரு பொறி பட்டாப் போதும். சாமிக்கு விளக்கேத்தறப்ப டப்பாவைத் தள்ளி வெச்சுடுங்கன்னு ராத்திரி அக்காகிட்ட சொன்னேன். அவங்களும் தலையாட்டினாங்க."

அடுத்தது லோறன்ஸ். சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் கத்தோலிக்கப் பொடியன். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் படம் ஓட்டியவன்.

"உனக்குப் படமெண்டா உயிராமே?"

"ஓம் அண்ணை. அதுக்காகக் களவெடுப்பனோ? இரவு வேலை முடிச்சு ஆறரைக்கு வந்து படுத்தனான். அக்கா கத்தினாப் பிறகுதான் எழும்பினனான்."

கடைசியாக வீட்டுக்காரன் சிவகுருநாதன், பாலாம்பிகையின் கணவன்.

"ஏழு மணிக்கு நீர் எங்க?"

"குசினியில, தேத்தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டனான். இவ கடைக்குப் பாண் வாங்கப் போயிட்டா." கண் தரையில் இருந்தது. "தொக்டரைத்தான் விசாரிக்க வேணும் அண்ணை. இதுக்கு வெளியில நல்ல விலை வருமாம்."

மூர்த்தியின் ஆசையை அவன் அப்படியே சொல்லிவிட்டான். அதனால்தான் மூர்த்தி அவனை இன்னொரு தரம் பார்த்தார். அந்த எரிச்சல் அவருக்கு நன்றாகப் பழகிய எரிச்சல்.

"தொக்டர், இந்தச் சுருளில கற்பூரம் சேர்ந்திருக்கோ?"

"ஆமா சார். ஃபிலிம் நல்லா வளையணும்னு சேர்ப்பாங்க."

"இந்த மூலை மணக்குறதைக் கவனிச்சனீரோ?"

"பூஜை பண்ற வீடாச்சேன்னு நெனச்சேன்."

"இந்த வீட்டில செவ்வாய்க்கிழமையில இருந்து பூசை இல்லை." மூர்த்தி எழுந்தார். "எனக்குத் துடக்கில்லை, நான் தொடலாம்."

திரையை விலக்கினார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால், வேட்டியில் சுற்றியபடி சுருள் இருந்தது. பாலாம்பிகை அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பொறி பட்டால் எரியிற சாமானை விளக்கு வைக்கிற தட்டில ஒளிக்கிறதெண்டால், விளக்கு எரியாதெண்டு ஒளிச்சவருக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்க வேணும். துடக்கு முடியுமட்டும் ஒருத்தரும் திரையைத் தொடமாட்டினம் எண்டதும் தெரிஞ்சிருக்க வேணும். தொக்டர் விளக்கேத்துவீங்கள் எண்டு நினைச்சுப் புத்தி சொன்னவர். லோறன்ஸுக்கு இழவுச் செய்தியே தெரியாது. தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. தாயின்ர குரலை மகள் ஒளிப்பாளோ? சிவகுரு, நீர்தான் எடுத்தனீர்."

சிவகுருநாதன் மறுக்கவில்லை.

"அழிக்க நினைக்கேல்லை அண்ணை. அடுத்த கிழமை தொக்டர் ஊருக்குப் போறார். போனாப் பிறகு நானே தேடி எடுத்தமாதிரிக் குடுக்கலாமெண்டு... ஒரு மாசமா இந்த வீட்டில சேதுராமன் தம்பி, சேதுராமன் தம்பி எண்ட பேச்சுத்தான். இருவது வருசமா நான் குடுக்காததை அவர் ஒரு டப்பாவில கொண்டுவந்து குடுத்துப்போட்டார். என்னால தாங்க ஏலாமப் போச்சு."

மூர்த்திக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அதே எரிச்சலோடுதான் அவரும் படியேறி வந்திருந்தார்.

பாலாம்பிகை சுருளை டப்பாவில் வைத்து மூடினாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். அழவில்லை.

"அந்தக் கூடத்தில உள்ளுக்கு ரெண்டு பேர்தான் இருந்து கேக்கலாமாம்," என்றாள் கணவனிடம். "தம்பி தானும் வரட்டோ எண்டு கேட்டவர். ஏலாது, என்ர மனுசன்தான் எனக்குப் பக்கத்தில இருக்க வேணும், நீங்கள் வெளியில நில்லுங்கோ எண்டு முந்தநாளே சொல்லிப்போட்டன்."

சிவகுருநாதன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அதற்குள் சேதுராமன் பக்கம் திரும்பியிருந்தாள்.

"காரை எடுங்கோ தம்பி. நீங்களே என்னோட உள்ளுக்கு வாங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மறிக்க சிவகுருநாதனுக்கு நேரம் இருந்தது. ஆனால் அவன் சுருள் சுற்றியிருந்த வேட்டியை எடுத்து மடித்தான்.