வெற்றிலைக்கும் பொன்னுக்கும் நடுவே

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் அன்று பெய்த மழைக்குக் கண்மண் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு, கடையோர நடையில் ஒதுங்கி நின்ற பவளம் டீச்சருக்கு ஒரே ஒரு ரிக்‌ஷா கண்ணில் பட்டது. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடி என்ன... உள்ளே ஒரு தையல் மெஷின் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒருவன் தொப்பலாக நனைந்தபடி அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"உந்த மெஷினைக் கொஞ்சம் இறக்குங்கோ. நான் வீட்டை போகவேணும்."

"மன்னிக்கணுங்க. இது நனைஞ்சா துருப் பிடிச்சிடும். நீங்க நனைஞ்சா காய்ஞ்சிடுவீங்க."

"மனுசரை விட மெஷின் பெரிசோ?"

"எங்க கம்பெனிக்கு அப்படித்தான்லா!"

பவளத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். இமையெல்லாம் மழைத்துளி... அதற்குள்ளே சிரிக்கும் இரண்டு கண்கள். திட்ட வந்ததே மறந்துவிட்டது. அவன் மெஷினை ஓரமாகத் தள்ளி இடம் விட்டான். அவள் ஏறிக்கொண்டாள். குடையை அவள் பக்கம் சாய்த்தபடி அவன் கூடவே நடந்து வந்தான்.

"உங்க பேச்சு இந்த ஊர்ப் பேச்சு இல்லையே... சிலோனா?"

"யாழ்ப்பாணம். நீங்கள்?"

"மேடான். சுமத்ரா. பேரு ரெங்கசாமி."

"அப்ப நீங்களும் தீவுக்காரர்தானோ!" என்றாள். என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவனிடம் என்ன பேச்சு இது!

அந்த ரிக்‌ஷா மட்டும் வராமல் போயிருந்தால் பவளம் நாலு நாள் சளி தடிமனோடு தப்பித்திருப்பாள். விதி யாரை விட்டது?

மறுநாள் அந்த மெஷின் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. பெண் பிள்ளைகளுக்கு மெஷின் தையல் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி அவனை வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பியது. வகுப்பைக் கண்காணிக்க வேண்டியது பவளம். பூகோளத்தில் அப்போது அவள் தீவுகளைப் பற்றித்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? வீரம்மா என்ற வாயாடிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"டீச்சர் ஊரு நல்ல ஊரா, சார் ஊரு நல்ல ஊரா?"

"எங்க ஊர்ல ஊரை அறுத்துக்கிட்டு ஆறு ஓடும். பக்கத்துல நெருப்பு மலை புகையும்" என்றான் ரெங்கசாமி.

"எங்கடை ஊரிலை ஆறே இல்லை. அதுக்கென்ன? கிணறு கிணறாக் கிடக்கு. மலையும் இல்லை, பயமும் இல்லை."

"ஆறே இல்லாத ஊரா! அப்புறம் குளிக்கறது?"

"உங்களை மாதிரி மழையிலை நிண்டில்லை!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பள்ளிக்கூடக் கதையும் வந்தது. காலையில் மாரியம்மன் கோயிலில் தமிழ், அப்புறம் மலாய்ப் பள்ளி, தெருவில் டச்சுக்காரனுக்கு சலாம். இப்படித்தான் அவன் படித்தான். அவளோ விஜயதசமிக்கு அப்பாவின் மடியில் உட்கார்ந்து பச்சரிசியில் எழுதி, அரிவரி வகுப்பில் மணலில் எழுத்துக் கீறிப் படித்தவள். இரண்டு ஊரிலும் புகையிலைத் தோட்டம் உண்டு என்று தெரிந்தபோது மட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலை காயும் வாசனையை இந்த ஊரில் வேறு யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

வெள்ளிக்கிழமைகள் ஓடின. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவன் வரும் நாளில் அவள் கொண்டையில் பூ இருந்தது. அதை அவன் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியும். 'கேட்கட்டும்... அவராகக் கேட்கட்டும். பொம்பிளை நான் வாய் திறக்கிறதோ?' என்று வீம்பாக இருந்தாள். அந்த வீம்புதான் அவளைக் கெடுத்தது.

பவளத்தின் அண்ணர் கார்த்திகேசு ரயில்வேயில் குமாஸ்தா. ஊரிலே தகப்பன் போனபின் மூன்று தங்கைகளுக்கும் அவர்தான் எல்லாம். கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை அவளுக்குப் பார்த்து வெற்றிலையும் மாற்றிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் போனபிறகு, பவளம் ரெங்கசாமியிடம் சொன்னாள்.

"நேற்று வீட்டிலை எனக்கு வெத்திலை மாத்தினவை."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது கேட்பான்... 'உனக்குச் சம்மதமா' என்று ஒரு வார்த்தை...

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. கை கூப்பினான். "நல்லாயிருங்க டீச்சர்." அவ்வளவுதான். திரும்பிப் பாராமல் போனான்.

அடுத்த வெள்ளி வேறு ஆள் வந்தான். அதற்கடுத்த வெள்ளியும் அவனே. பவளம் ஜன்னலையே பார்த்துப் பார்த்து ஓய்ந்தாள். இவ்வளவுதானா? அத்தனை சிரிப்பும் மெஷின் விற்கிற சிரிப்புத்தானா? சோறு இறங்கவில்லை. மச்சாள், அண்ணரின் மனைவி, "கலியாணக் களை" என்று பகிடி பண்ணினாள். களையாம் களை!

பொன்னுருக்குக்கு நாள் வைத்தாயிற்று. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன்னை உருக்குவார்கள். அதுவரை எதையும் மாற்றலாம். உருக்கிவிட்டால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. கார்த்திகேசு நல்ல மனிதர். முதல் நாள் தேத்தண்ணீர் குடிக்கும்போது தங்கையை அருகில் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, மனசிலை ஏதும் இருந்தா இப்ப சொல்லு. நாளைக்குப் பிறகு அண்ணனாலை ஒண்டும் செய்யேலாது."

'ஓம், இருக்கு' என்று சொல்ல வாய் துடித்தது. யாரை நம்பிச் சொல்வது? கை கூப்பிவிட்டுப் போனவனை நம்பியா?

"ஒண்டும் இல்லை அண்ணை."

மறுநாள் விடிய முன்னமே ஆண்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சி ஏறிக் கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். மச்சாள் அடுக்களையில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டுப் பவளம் கதவைத் திறந்தாள். ரெங்கசாமி நின்றான். கையில் ஒரு புது மெஷின். சீதனத்துக்கென்று அண்ணர் கம்பெனியில் சொல்லியிருந்தது.

"வேற ஆளைத்தான் அனுப்பச் சொன்னேன்... யாருமில்ல. மன்னிச்சுக்கங்க" என்றான். முகம் பாதியாகிப் போயிருந்தது.

"வையுங்கோ அதிலை."

வைத்தான். போகத் திரும்பினான். அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரு சொல்லு... ஒரேயொரு சொல்லுக் கேட்டிருக்கலாமே! நான் அவ்வளவுக்கு வேண்டாதவளோ?"

"எப்படிக் கேக்கறது?" அவன் குரல் உடைந்தது. "வெத்திலை மாத்திட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க! எங்க ஊர்ல வெத்திலை மாத்தின பொண்ணு அடுத்தவன் பொண்டாட்டி. அவளை நிமிர்ந்து பாக்கறதே பாவம்னு சொல்லி வளர்த்தாங்க. அதான் வெள்ளிக்கிழமை வராம... சாலாக் செலாத்தான்ல எங்க பெரியம்மா வீட்டுலயே விழுந்து கிடந்தேன்."

பவளத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் ஊராக எத்தனை வழக்கத்தைப் பேசிச் சிரித்தார்கள்! கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் இருவரும் வெட்கப்பட்டு வேறு கதைக்குத் தாவிவிட்டார்கள்.

"ஐயோ... எங்கடை ஊரிலை வெத்திலை வெறும் பேச்சுக்கால், சம்பந்தம் பேசுறது மட்டும். பிடிக்காட்டித் திருப்பிக் குடுக்கலாம். எத்தினை பேர் குடுத்திருக்கினம்! வந்து கேளுங்கோ எண்டுதான் நான் உங்களுக்குச் சொன்னனான்."

"அப்ப... எதுதான் முடிவு?"

"பொன்னுருக்கு. அதுக்குப் பிறகுதான் மாத்தேலாது."

அவன் கண்ணில் ஒளி குப்பென்று வந்தது. "அது எப்போ பவளம்?"

பெயர் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. 'நாளைக்கு' என்று சொல்ல முடிந்தால் அவள் உயிரையே கொடுத்திருப்பாள்.

"இண்டைக்குக் காலமை... கிள்ளானிலை. இப்ப உருக்கி முடிச்சிருப்பினம்."

அவன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"முறிச்சிட முடியாதா?"

"ஊரிலை எனக்குக் கீழை ரெண்டு பேர். பொன் உருக்கினாப் பிறகு முறிச்ச வீட்டிலை ஆர் பெண் எடுப்பினம்? அண்ணர் நேற்று என்னைக் கேட்டவர்... நான்தான் ஒண்டும் இல்லையெண்டு சொன்னனான்."

அடுக்களையிலிருந்து மச்சாளின் குரல் வந்தது. "ஆர் பவளம் வாசலிலை?"

"மெஷின் கொண்டு வந்த ஆள் மச்சாள்" என்றாள். குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியம்.

ரெங்கசாமி எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன் பவளம்... நான் உங்களை..."

"வேண்டாம். நீங்கள் சொன்னா, நான் வாழப்போற வீட்டிலையும் அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சொல்லுறன், நீங்கள் கேட்டுக்கொண்டு போங்கோ." அவள் அவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். இந்த முறை வெட்கம் வரவில்லை. "எனக்கு உங்களிலைதான் விருப்பம். வேறை ஒருத்தரிலையும் வராது. இதை நான் நேற்று அண்ணருக்குச் சொல்லியிருக்க வேணும்."