கராஜில் ஒரு கொலைத் தாளம்!

போன் அலறியது!

குச்சிகளைப் போட்டுவிட்டு எடுத்தாள் இடி. டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு வேறென்ன பட்டப்பெயர் வரும்?

"மேடம்... உங்க பங்க் மியூசிக் பேண்டோட புது ஆல்பத்தை வெளியிடப் போறவரு..."

"என்ன, மறுபடியும் தேதியைத் தள்ளிட்டாரா?"

"ஆளே போய்ச் சேர்ந்துட்டாரு. கழுத்துல கிடார் கம்பி!"

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர், பேண்ட் வாசித்துப் பதிவு செய்யும் கராஜுக்குள் நின்றார். ஒரு பக்கம் பஞ்சரான ஸ்கூட்டர். மறுபக்கம் ஆம்ப்ளிஃபயர்கள். நடுவில் எண்ணெய்க் கறை.

"நேத்து சாயங்காலம் யார் யார் எங்கே?"

"பல் டாக்டர்கிட்ட வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் இடி.

கிடார் வாசிக்கும் அவள் கணவன் தலையைச் சொறிந்தான்.

"வீட்ல தூங்கிட்டிருந்தேன் சார்."

"சாட்சி?"

"குறட்டைதான்..."

"உங்க பெட்டியில இருக்கே, அதே கம்பிதான் கழுத்துல!"

விலங்கு வெளியே வந்தது.

இடி கணவனைப் பார்த்தாள். கொசுவை அடித்துவிட்டு வருத்தப்படுகிற மனுஷன்... கொலையா?

பேஸ் கிடார் வாசிக்கிற ஒல்லி முந்திக்கொண்டான்.

"நான் இங்கதான் சார். தனியா என் பகுதியை ரெக்கார்ட் பண்ணேன். இந்த ஆம்ப்ளிஃபயர்ல முழுச் சத்தம் வெச்சு, முன்னாடி மைக் வெச்சு. கேளுங்க!"

கம்ப்யூட்டரைத் தட்டினான்.

தொம்... தொம்... தொம்...

பதிவான நேரம் திரையிலேயே இருந்தது. கொலை நடந்த அதே நேரம்!

"சுத்தமா இருக்கே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுத்தமா?

இடியின் காது விடைத்தது. இந்தக் கராஜில் எடுத்த பாட்டில் சுத்தம் ஏது?

"இன்னொரு தடவை போடு."

"எதுக்கு சிஸ்டர்?"

"போடுடா!"

தொம்... தொம்... வேறு சத்தமே இல்லை.

ஒல்லியின் கிடாரைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினாள். ஒரே ஒரு கம்பியைச் சுண்டினாள்.

தொம்ம்ம்ம்...

மூலையில், யாரும் தொடாத டிரம் ஒன்று முனகியது.

ஜ்ஜ்ஜர்ர்ர்!

இன்ஸ்பெக்டர் துள்ளினார். "பேயா?"

"ஸ்நேர் டிரம் சார். அடியில சுருள் கம்பி இருக்கு. இங்க பேஸ் வாசிச்சா அதுவும் கூடவே பாடும். இந்த டிரம் கராஜை விட்டு நகர்ந்ததே இல்ல. ஆல்பம் பூரா இந்த இரைச்சல்தான். 'இதுதான்டி நம்ம அழகு'ன்னு சண்டை போட்டு வெச்சதே என் வீட்டுக்காரர். இவன் பதிவுல மட்டும் காணோமே?"

ஒல்லி ஓரடி பின்வாங்கினான்.

"வேற எங்கேயோ வாசிச்சு வெச்ச பதிவை ஒயர் வழியா நேரா கம்ப்யூட்டர்ல ஓடவிட்டுட்டு, வேலையைப் பார்க்கக் கிளம்பியிருக்கான் சார்!"

ஒல்லி வாசலுக்குப் பாய்ந்தான். கணவனின் கால் குறுக்கே நீண்டது. ஸ்கூட்டரோடு சேர்ந்து விழுந்தான் ஒல்லி.

"என் கம்பியையாடா எடுத்தே, மச்சான்? புதுசுடா அது!"

"அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா?" தரையிலிருந்தே கத்தினான் ஒல்லி. "'உன் பேஸ் யாருக்குமே கேக்கல, ஆல்பத்துல இருந்து தூக்கிடறேன்'னான்!"

விலங்கு கை மாறியது.

இடி குனிந்து அவன் தோளைத் தட்டினாள்.

"கவலைப்படாதே ஒல்லி! இனி உன் பேஸை ஜட்ஜே உக்காந்து கேப்பாரு... அதுவும் திரும்பத் திரும்ப!"